டிக்கிக் குழிக்குள் ஃபைபர்கிளாஸ் பெட்டி: சென்னை வெயிலில் செய்வது எப்படி

பல கார்களின் டிக்கியில், பின்சக்கரத்துக்குப் பின்னால், எதற்கும் உதவாத ஒரு குழி இருக்கும். அதன் வளைவுக்கு ஏற்ப ஸ்பீக்கர் பெட்டி அமைக்க, கண்ணாடி நார் விரிப்பை ரெசின் என்னும் பிசினில் நனைத்து இறுகவைக்கும் ஃபைபர்கிளாஸ்தான் சரி. புதிதாகக் கற்பவர்கள் பம்பரில்தான் முதலில் கைவைப்பார்கள். வேண்டாம். இன்றைய பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. பாலியெஸ்டர் ரெசின் அதில் பிடிக்காமல் உரிந்துவிடும்.

பாலியெஸ்டர் ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஆகியவை பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் கிடைக்கும். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் வாங்குங்கள். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலந்த ரெசினா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். தனியாகக் கொடுத்தால், முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனரை ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

குழியைத் துடைத்து, மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, அதன்மேல் மெழுகு தடவுங்கள். சுற்றுப்புறம் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ரெசின் சொட்டிய கார்ப்பெட்டை மீட்க வழியே இல்லை.

அடுத்தது கலவை. சென்னையில் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஹார்டனரின் அளவு பொதுவாக ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். மே மாத வெயிலில் 1 சதவீதமே தாராளம்: 200 கிராம் ரெசினுக்கு 2 கிராம். அதற்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். டப்பாவில் குவிந்திருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். தயிர்போல் திரளத் தொடங்கினால் பிரஷ்ஷை எடுத்துவிடுங்கள், அந்தக் கலவை இனி உதவாது. டப்பா சுட்டுப் புகையத் தொடங்கும். திறந்தவெளியில் வைத்து ஆறவிடுங்கள். காலை வெயில் ஏறும் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. மழை நாளில் தொடவே வேண்டாம். ஈரம் பட்ட மேட் சரியாக இறுகாது.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் துணி முகக்கவசம் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். காரின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது.

மேட்டை உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரித்த நேர் விளிம்பு மேடாகத் தெரியும். கிழித்த நார் அடுத்த துண்டோடு கலந்துவிடும். முதலில் ரெசினைப் பூசி, மேட்டை வைத்து, பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை மேட் கண்ணாடிபோலத் தெளிந்தால் நனைந்துவிட்டது. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. ரோலரால் ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

குழிக்குள் முதல் நாள் இரண்டு அடுக்கு போதும். மறுநாள் இறுகிய கூட்டைக் கழற்றி வெளியே வைத்து, 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மேலும் நான்கு அடுக்கு ஏற்றுங்கள். ஓர் அடுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். விளிம்பை அறுத்து, ஸ்பீக்கர் பொருத்தும் மரப்பலகையை அதே ரெசினால் ஒட்டுங்கள். அறுக்கும்போது முழுக்கைச் சட்டை அணியுங்கள். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். அந்தச் சட்டையையும் தனியாகத் துவைக்க வேண்டும்.