பிளேன்டீ ஊற்றிப் பார்க்கும் வெப்ப அடுக்கோட்டம்

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. இருந்தாலும் அத்தகைய நிலையங்களின் குழாய்களை வளைக்கும் ஒரு விடயத்தை வெள்ளவத்தை மாடிவீட்டுச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரே குழாயில் சுடுநீர் மேலேயும் குளிர்நீர் கீழேயுமாகக் கலக்காமல் கிடப்பதுதான் அது.

படி 1: 30 சென்டிமீட்டர் நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் குளிர்பெட்டித் தண்ணீரை 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, அலை அடங்கும்வரை விடுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பு. அது சரிவராது.

படி 2: சாயம் கூடிய பிளேன்டீ (பால் விடாத தேநீர்), ஏறத்தாழ 60 பாகை. சீனி போடவேண்டாம். முதல்முறை நான் குடிக்க வைத்திருந்த இனிப்புத் தேநீரையே ஊற்றினேன். அது நேரே அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சூடு குறைத்த அடர்த்தியைவிடச் சீனி கூட்டிய அடர்த்தி அதிகம்!

படி 3: தண்ணீர் மட்டத்தில் கரண்டியைப் பிடித்து, அதன்மேல் மெல்ல ஊற்றுங்கள். சாயம் மேற்பரப்பை ஒட்டி மறுமுனைக்கு ஓடும். எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். பிறகு புதுத் தண்ணீர் எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். எல்லாம் கலங்கிவிடும்.

படி 4: இந்த வேறுபாட்டை ரிச்சர்ட்சன் எண் சொல்லும். புவியீர்ப்பு 9.81, அடர்த்தி வேறுபாட்டு விகிதம் 0.017, ஆழம் 0.08 மீட்டர், மூன்றையும் பெருக்கி வேகத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். சாயம் 6 வினாடியில் கடந்தால் வேகம் 0.05, விடை ஏறத்தாழ 5. சாண் உயரத்தில் விழும் தேநீரின் வேகம் ஏறத்தாழ 2, விடை 0.003. ஒன்றைவிட நன்றாக மேலே போனால் அடுக்கு நிலைக்கும், நன்றாகக் கீழே போனால் கலக்கும்.

ஆகவே குழாயில் ஆபத்து பெருவெள்ளத்தில் அல்ல, மெதுவான ஒழுக்கில். 1987 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபார்லி நிலையத்தில், மூடிய வால்வு வழியே கசிந்த குளிர்நீர்தான் குழாயில் வெடிப்பை உண்டாக்கியது.

படி 5: வளைவைக் கணக்கிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு ஒவ்வொரு பாகைக்கும் மீட்டருக்கு 0.000017 மீட்டர் நீளும். குழாயின் மேல்பக்கம் அடியைவிட 100 பாகை சூடு, விட்டம் 0.3 மீட்டர், நீளம் 10 மீட்டர் என்று வையுங்கள். 0.000017 × 100 ÷ 0.3 என்பது வளைவு. அதை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 0.07 மீட்டர். தடையில்லாமல் விட்டால் நடுப்பகுதி 7 சென்டிமீட்டர் வில்லாக எழும்பும்.

100 பாகை மிகையல்ல. அழுத்த நீர் உலையில் அழுத்தத்தைக் காக்கும் கலத்துக்கும் முதன்மைக் குழாய்க்கும் இடையே உலையைச் சூடேற்றும்போது அதைவிடக் கூடிய வேறுபாடு வரலாம். இரண்டையும் இணைக்கும் குழாய் ஓரிகன் மாநிலத்து ட்ரோஜன் நிலையத்தில் எதிர்பாராதபடி நகர்ந்து, குழாய் உடைந்தால் வீசாமல் பிடிக்கும் சட்டங்களுக்கு விட்டிருந்த இடைவெளியை அடைத்திருந்தது. அதைக் கண்ட பிறகு, 1988 டிசம்பரில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் இவ்வகை நிலையங்கள் எல்லாவற்றையும் அந்தக் குழாயைச் சோதிக்கச் சொன்னது.