புது அணியைச் சேர்க்கும்போது செய்யும் தவறுகள்: விமான டிக்கெட்டை யார் எடுப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு பட்ஜெட்டைக் காட்டினார்கள். ரக்பி லீக் தொடர் ஒன்றில் தங்கள் ஊர் அணியையும் சேர்க்கக் கேட்டு விண்ணப்பம் தயாரிக்கும் குழுவில் இருவரும் கணக்கு வேலை பார்க்கிறார்கள். பல வருடங்களுக்கு முன்னால் நானும் சிட்னியில் இருந்துகொண்டு அதே மாதிரி ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதினேன். அதனால்தான் என்னிடம் வந்திருந்தார்கள். பதினான்காவது வரிக்கு வந்ததும் எனக்குப் பகீரென்றது.

"எங்கள் மைதானத்துக்கு வரும் அணிகளின் விமானச் செலவும் தங்கும் செலவும் எங்கள் பொறுப்பு."

அன்று நான் எழுதிக் கொடுத்த அதே வரி. வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

மைதானம் இல்லாமல் விண்ணப்பிக்காதே, கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள்தான் இங்கே.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முதல் நிலை ரக்பி லீக் தொடரான என்.ஆர்.எல். 2023இல் பிரிஸ்பேன் பக்கத்து டால்பின்ஸ் அணியைச் சேர்த்து 17 அணிகள் ஆனது. 2027இல் பெர்த் பேர்ஸ், 2028இல் பாப்புவா நியூ கினி அணி என்று அடுத்தடுத்து அறிவித்துவிட்டார்கள். அதைப் பார்த்துக் கீழ்நிலைத் தொடர்களிலும் பல ஊர்களுக்கு ஆசை வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். 13 பேர் ஆடும் இந்த ஆட்டம் சிட்னி, பிரிஸ்பேன், வட இங்கிலாந்து என்று சில இடங்களிலேயே குவிந்து கிடப்பதில் எனக்கும் சம்மதமில்லை.

உள்ளே விட்டால் போதும் என்று எதற்கும் தலையாட்டுவது

1995இல் ஆஸ்திரேலியத் தொடர் 16 அணிகளிலிருந்து ஒரே தாவலில் 20 ஆனது. ஆக்லாந்து, டவுன்ஸ்வில், பிரிஸ்பேனில் இரண்டாவது அணி, அப்புறம் பெர்த். பெர்த்தின் வெஸ்டர்ன் ரெட்ஸ் அணிக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அங்கே ஆட வரும் அணிகளின் பயணச் செலவை ரெட்ஸே ஏற்க வேண்டும். சிட்னியிலிருந்து பெர்த் சுமார் 3,300 கிலோமீட்டர். மூன்றே பருவங்கள். 1997 முடிவில் அந்த அணி இல்லை.

ரெட்ஸ் மூடப்பட்டதற்குப் பயணச் செலவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சூப்பர் லீக் என்ற போட்டித் தொடர் கிளம்பியதால் வந்த, 'சூப்பர் லீக் போர்' என்று அழைக்கப்பட்ட சண்டையில் ஆஸ்திரேலியத் தொடரே இரண்டாக உடைந்து, 1997இல் இரண்டு தொடர்கள் தனித்தனியாக நடந்தன. அந்தப் புயலில் பல கிளப்புகள் போயின. ஆனால் கையில் சேமிப்பு இருக்கும் கிளப் புயலைத் தாங்கும். ஒவ்வொரு சொந்த ஆட்டத்துக்கும் எதிரணிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த கிளப்பிடம் சேமிப்பு எங்கே இருக்கும்?

இருபது வருடம் கழித்து, வேறொரு கண்டத்தில், அதே கதை. டொராண்டோ வுல்ஃப்பேக் 2017இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலைத் தொடரில் சேர்ந்து, ஆடி ஜெயித்து, 2020இல் அந்நாட்டின் முதல் நிலைத் தொடருக்கு (அதன் பெயரும் சூப்பர் லீக்தான்) உயர்ந்தது. ஒளிபரப்புப் பணத்தில் மற்ற கிளப்புகளுக்குக் கிடைத்த பங்கு அதற்குக் கிடையாது. கனடாவுக்கு வரும் அணிகளின் செலவும் அதன் தலையில்தான். மார்ச்சில் கொரோனா வந்தது. ஜூலையில் அணி விலகியது. திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது நவம்பரில் மறுத்துவிட்டார்கள்.

இந்த வரியின் ஆபத்து தொகையில் தெரியாது. அது எந்த இடத்தில் கடிக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். ஒரு பருவத்தில் 24 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சொந்த ஊரில், 12 வெளியூரில். என்.ஆர்.எல். கிளப்புகளில் பாதிக்கும் மேல் சிட்னியைச் சுற்றியே இருப்பதால், அங்குள்ள கிளப்புக்கு வெளியூர் ஆட்டங்களில் பல பேருந்துப் பயணம்தான். பெர்த் மாதிரி தூரத்து ஊருக்கு வருடத்தில் ஒரு முறை பறந்தால் உண்டு. தூரத்து அணிக்கோ 12 வெளியூர் ஆட்டமும் விமானம். எதிரணியின் செலவையும் ஏற்றால், சொந்த ஊர் ஆட்டம் பன்னிரண்டும் விமானம்! கிளப் சம்பாதிப்பதே சொந்த ஊர் ஆட்டத்தில்தான்: டிக்கெட், சாப்பாட்டுக் கடை, சட்டை விற்பனை. சம்பாதிக்க வேண்டிய நாளிலேயே செலவை உட்கார வைத்துவிடுகிறோம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் அணி கீழ்நிலைத் தொடர் ஒன்றில் சேர விண்ணப்பித்தது. பழைய கிளப்புகள் தயங்கின. "செலவு நம்முடையது என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்று தட்டச்சு செய்தேன். கால வரம்பும் போடவில்லை, உச்சவரம்பும் போடவில்லை. உரிமம் கிடைத்தது, கொண்டாடினோம். இரண்டாம் வருடம் நடுவில் பிசியோதெரபிஸ்ட் விலகினார். வேறொருவரை வைக்கப் பணம் இல்லை. அப்புறம் இளையோர் அணியின் பேருந்து நின்றது. பையன்களை அப்பா அம்மாக்களே காரில் கூட்டிவந்தார்கள். ஒப்பந்தத்தை மாற்றலாமா என்று கேட்கப் போனபோது, எதிரில் இருந்தவர் தாளைத் திருப்பிக் காட்டி, "நீங்களே எழுதிக் கொடுத்ததுதானே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூன்றாம் பருவத்தோடு அணி வெளியேறியது. அந்தப் பையன்களில் ஒருவனை இப்போதும் கடைத்தெருவில் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் அந்த வரிதான் நினைவுக்கு வரும்.

அன்று அந்த இளைஞர்களில் ஒருவர் என்னிடம், "அண்ணா, இதைப் போட்டாத்தானே உள்ள விடுவாங்க?" என்றார். உள்ளே விடுவார்கள், உண்மைதான். ஆனால் தூரம் உங்கள் அணியின் குற்றம் இல்லை. தேசம் முழுக்கத் தொடர் வேண்டும் என்று விரும்புவது தொடர்தான். அதில் கூடுதல் ஒளிபரப்புப் பணம் பார்ப்பதும் தொடர்தான். அந்தப் பணத்தைக் கிளப்புகளுக்குப் பிரிக்கும் முன்பே ஒரு பொதுப் பயண நிதியை எடுத்து வைக்கக் கேளுங்கள். ஒளிபரப்பில் முதல் வருடத்திலிருந்தே சம பங்கு கேளுங்கள். விட்டுக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு வருடம் மட்டும், இத்தனை டாலருக்கு மேல் இல்லை என்று எழுதுங்கள். பாப்புவா நியூ கினி அணி வருவதையொட்டி ஆஸ்திரேலிய அரசு 10 வருடங்களுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியிருக்கிறது. அந்த அளவு பணம் உங்களுக்கு வராது. ஆனால் ஆரம்பச் செலவுக்கான பணம் டிக்கெட் கவுன்டருக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது அங்கே முதலிலேயே புரிந்திருக்கிறது.

ஆட்டக்காரர்களை ஒரே வருடத்தில் திரட்டிவிடலாம் என்று நினைப்பது

மெல்போர்ன் ஸ்டார்ம் 1998இல் தொடங்கி, 1999இலேயே கோப்பையை வென்றது. இதைக் காட்டித்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள். ஸ்டார்ம் தொடங்கிய நேரத்தில் பெர்த் ரெட்ஸும் நியூகாஸில் பக்கத்து ஹன்டர் மரைனர்ஸும் மூடப்பட்டு, தேர்ந்த வீரர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். ராபி கேர்ன்ஸ், ராட்னி ஹவ், பிரெட் கிம்மார்லி எல்லாம் அப்படி வந்தவர்கள். அந்த மாதிரி வாய்ப்பு உங்களுக்கு அமையாது.

டால்பின்ஸுக்கு உரிமம் கிடைத்தது 2021 அக்டோபரில்; முதல் ஆட்டம் 2023 மார்ச்சில். பெரிய நட்சத்திரங்களைத் துரத்தினார்கள், கிடைக்கவில்லை. பயிற்சியாளர் வெய்ன் பென்னட், ஸ்டார்மிலிருந்து பிராம்விச் சகோதரர்களையும் ஃபெலிஸே கௌஃபுசியையும் கொண்டுவந்து ஒரு முதுகெலும்பைக் கட்டினார். முதல் ஆட்டத்திலேயே சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பின்னால் 1947இலிருந்து ரெட்க்ளிஃபில் இயங்கிவந்த ஒரு கிளப் இருந்தது.

பாப்புவா நியூ கினியைப் பாருங்கள். அவர்களின் ஹன்டர்ஸ் அணி 2014 முதல் என்.ஆர்.எல்.லுக்குக் கீழ்நிலைத் தொடரான குயின்ஸ்லாந்து கோப்பையில் ஆடிவருகிறது, 2017இல் பட்டமும் வென்றது. பெரிய தொடருக்கு வரும் முன்பே பத்து வருடத்துக்கு மேல் பயிற்சி. உங்கள் ஊரில் இளையோர் ஆட்டம் வளராவிட்டால், வளர்ந்திருக்கும் ஊரின் கிளப்போடு ஒப்பந்தம் போடுங்கள். ஸ்டார்ம் அப்படித்தான் பிரிஸ்பேனின் நார்த்ஸ் டெவில்ஸோடு சேர்ந்தது. பின்னாளில் ஸ்டார்மின் அணித்தலைவரான கேமரன் ஸ்மித் அந்த வழியாக வந்தவர்.

பெரிய பெயர்

நியூசிலாந்தின் ரக்பி நட்சத்திரம் சன்னி பில் வில்லியம்ஸ் டொராண்டோவுக்கு ஆடியது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான்.

விசா

வேல்ஸின் செல்டிக் க்ரூசேடர்ஸ் 2009இல் விசா விதிமீறலால் ஆறு ஆஸ்திரேலிய வீரர்களை இழந்தது. முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

ஒற்றைப்படை எண்ணிக்கை

"நாங்கள் வந்தால் வாரத்துக்கு ஓர் ஆட்டம் கூடும்" என்று விண்ணப்பத்தில் எழுதும் முன் எண்ணிப் பாருங்கள். 16 அணிகள் இருந்தால் ஒரு சுற்றில் 8 ஆட்டம். 17 ஆனாலும் 8தான். ஓர் அணி ஓய்வில் இருக்கும். என்.ஆர்.எல்.லில் 2022இல் 25 சுற்றில் 192 ஆட்டங்கள் நடந்தன. டால்பின்ஸ் வந்த 2023இல் 204 ஆட்டங்களுக்கு 27 சுற்று ஆனது. ஒன்பதாவது ஆட்டம் வருவது 18ஆவது அணியோடுதான். நீங்கள் எத்தனையாவது அணி என்பதைப் பொறுத்து ஒளிபரப்பாளரிடம் உங்கள் மதிப்பு மாறும்.

அன்று இரவே அந்தத் தம்பி திருத்திய பட்ஜெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதினான்காவது வரியில் இப்போது இரண்டு வருடம் என்ற வரம்பும் ஓர் உச்சத்தொகையும் இருந்தன. ஆனால் பயணம் செய்வோர் எண்ணிக்கையை, களத்தில் இறங்குபவர்களையும் மாற்று வீரர்களையும் மட்டும் கணக்கிட்டு, 17 என்று போட்டிருந்தார். உபரி வீரர்கள், பயிற்சியாளர்கள், பிசியோ, மருத்துவர், உடை, கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரையும் சேர்த்தால் முப்பதை நெருங்கும், அதை மாற்றுங்கள் என்று பதில் போட்டேன்.