ஸ்பிளெண்டர் போர் வேலை: அளந்த பிறகுதான் ரீபோர்

பைக் புகை தள்ளினால் "போர் போச்சு, ரீபோர் போட்டுடலாம்" என்று சொல்வது சுலபம். போர் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளை. ஆனால் ரீபோர் என்பது அதன் உள்சுவரைக் கடைந்து எடுக்கும் வேலை. எடுத்த இரும்பு திரும்ப வராது. அளக்காமல் பிளாக்கை (சிலிண்டரை) லேத்துக்கு அனுப்பவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்கள் வீட்டு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை வைத்தே சொல்கிறேன். 97.2 சிசி எஞ்சின், போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 49.5 மி.மீ.

கழற்றும் முன்

ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க நீலப் புகை கூடினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்), போர் பக்கம் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து அடங்கிவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல்தான். அதற்குப் பிளாக்கைத் தொடவே வேண்டாம்.

கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் ஒருமுறை அளங்கள். பிறகு பிளக் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியாக. ஏறவில்லையென்றால் வால்வைப் பாருங்கள்.

கழற்றுவது

ஆயிலை வடித்துவிட்டு, மேக்னட்டில் உள்ள 'டி' குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டுவது) நேராக்கி, கேம் ஸ்ப்ராக்கெட் (வால்வை இயக்கும் பல்சக்கரம்) குறி எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் வந்ததும் பிளாக்கை மெதுவாக இழுங்கள். பிஸ்டன் வெளியே தெரிந்த உடனே கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப் (சின்னக் கம்பி வளையம்) துள்ளி உள்ளே விழுந்தால், அதை எடுக்க எஞ்சினையே பிரிக்க வேண்டி வரலாம்.

அளப்பது

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. மேல் ரிங் போய் நிற்கும் இடத்தில்தான் சூடு அதிகம், ஆயில் குறைவு. அங்கேதான் போர் முதலில் அகலும். விரல் நகத்தை மேல்விளிம்பிலிருந்து கீழே இழுத்தால் சின்ன படி தட்டுப்படும்.

போர் கேஜ் இருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், பிஸ்டன் பின்னுக்கு நேராகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்கு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மட்டும் வைத்துக்கொண்டு செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை அளங்கள். முதலில் தேயாத அடிப்பகுதியில், அப்புறம் மேலே. கீழே 0.20, மேலே 0.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.30. அதை 3.14ஆல் வகுத்தால் சுமார் 0.095. மேலே போர் அவ்வளவு அகன்றிருக்கிறது. சுற்றளவு விட்டத்தைவிட 3.14 மடங்கு என்ற பள்ளிக்கூடக் கணக்குதான் இது. போர் ஒரே பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் மட்டும் இந்த முறை அதைக் காட்டிக்கொடுக்காது.

தேய்மானம் 0.10 மி.மீ.யை நெருங்கினாலோ, நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல் இருந்தாலோ ரீபோர்தான். மிகக் குறைவாக, சுவர் கண்ணாடி போலப் பளபளத்து மட்டும் இருந்தால், லேசாக ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்து அதே அளவு புது ரிங் போட்டால் போதும். சீஸ் ஆன (பிஸ்டன் இறுகி நின்றுபோன) வண்டியில் கோடு கோடாகத் தெரிவது சில சமயம் கீறலே இல்லை, பிஸ்டனின் அலுமினியம் ஒட்டியிருப்பது. நைஸ் எமரித் தாளால் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதெல்லாம் இரும்பு ஸ்லீவ் (உள்குழல்) உள்ள பிளாக்குக்குத்தான். டியூக் 390, ஆர்15 போன்றவற்றின் சிலிண்டரைச் சாதாரண முறையில் ரீபோர் செய்ய முடியாது. பிளாக்கையே மாற்ற வேண்டும்.

லேத் பட்டறையில்

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு போர். 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் (அத்தனை மி.மீ. பெரிய பிஸ்டன்) வரும். 0.25 போதுமென்றால் 0.50க்குத் தாவ வேண்டாம். அடுத்த ரீபோருக்கு இடம் மிஞ்சட்டும். பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே கொடுத்து, பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விடச் சொல்லுங்கள். கடைசி ஓவர்சைஸும் முடிந்துவிட்டால் புது ஸ்லீவ் இறக்கலாம். ஹோனிங் முடிந்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற கோடுகள் தெரிய வேண்டும். ஆயிலைப் பிடித்து வைப்பது அவைதான்.

கழுவுவது

என் முதல் வேலையில் பெட்ரோலால் மட்டும் கழுவி மாட்டினேன். கோடுகளுக்குள் கல் தூள் தங்கி, புது ரிங்கை 3,000 கி.மீ.க்குள் தின்றுவிட்டது. வெந்நீர், சோப்பு, பிரஷ் மூன்றும் வேண்டும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்கக் கூடாது. கறுத்தால் மறுபடி கழுவுங்கள். காய்ந்ததும் உடனே ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

மாட்டுவது

பிஸ்டன் தலையில் 'ஐஎன்' குறி கார்புரேட்டர் பக்கம், அதாவது (இந்த வண்டியில் சிலிண்டர் படுத்திருப்பதால்) மேலே பார்க்கட்டும். ரிங்கில் எழுத்துள்ள பக்கமும் பிஸ்டன் தலையை நோக்கி இருக்கட்டும். ரிங் வாய்கள் ஒரே நேரில் நிற்காமல் 120 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். சர்க்கிளிப், கேஸ்கெட் இரண்டும் புதிதாகப் போடுங்கள். துணியை எடுத்துவிட்டு, விரலால் ரிங்கை அமுக்கிக்கொண்டே பிளாக்கை இறக்குங்கள். எங்காவது தடுத்தால் தட்டாதீர்கள். ஏதோ ஒரு ரிங் வெளியே நிற்கிறது.

டைமிங் குறியைச் சரிபார்த்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் 20 முறை கிக் செய்யுங்கள். முதல் 500 கி.மீ. முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், நீண்ட நேரம் ஒரே வேகமும் வேண்டாம். அப்புறம் ஆயிலை மாற்றும்போது வடித்ததை வெயிலில் பாருங்கள். லேசாக மின்னினால் புது ரிங் பதிந்த பொடி. துணுக்காகக் கையில் தட்டுப்பட்டால் வண்டியை நிறுத்தி, ஹெட்டைத் திறந்து பாருங்கள்.