துடிக்கும் விண்மீனில் காந்தப்புலம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியல் படிப்பவர்களுக்குப் பெரிய தொலைநோக்கி இல்லாதது ஒரு தடையே அல்ல. விண்மீன் ஒளியின் முனைவாக்கத்தை அளக்கும் எஸ்படான்ஸ், நார்வால் கருவிகள் பதிவுசெய்த நிறமாலைகள் போலார்பேஸ் என்னும் இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. அதில் பீட்டா செஃபை என்னும் விண்மீனைப் போலத் துடிக்கும் வகை விண்மீன் ஒன்றை எடுப்பவர் முதலில் சறுக்குவது பதிவின் கால நீளத்தில்தான்.

காந்தப்புலம் இருந்தால் நிறமாலைக் கோட்டில் வட்ட முனைவாக்கம், அதாவது ஒளி அலையின் அதிர்வுத் திசை சுழல்வது, தோன்றும். இது சீமன் விளைவு. அடுத்தடுத்த நான்கு பதிவுகளைச் சேர்த்துத்தான் அதை அளக்கிறார்கள். இந்த விண்மீன்களோ சில மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்பவை. பீட்டா செஃபைக்கு அது சுமார் 4.6 மணி நேரம். துடிப்பில் மேற்பரப்பு நம்மை நோக்கியும் விலகியும் நகர்வதால், நான்கு பதிவுகளும் முடிவதற்குள் டாப்ளர் விளைவால் கோடு நகர்ந்துவிட்டால், காந்தமே இல்லாமல் ஒரு நெளிவு முளைத்துவிடும். வெளிச்சம் போதாதென்று நீளமாகப் பதிவுசெய்த தரவை நம்பாதீர்கள். குறுகிய தொடர்கள் பலவற்றை, ஒவ்வொன்றின் திசைவேகத்தையும் திருத்திய பிறகு கூட்டுவதே சரி.

அதே நான்கு பதிவுகளை வேறு விதமாக இணைத்தால் விண்மீனின் முனைவாக்கம் நீங்கி, சுழி (பூச்சிய) நிறமாலை கிடைக்கும். மாங்காய் மண்டியில் எடை போடுமுன் வெறும் தட்டைப் பார்ப்பதுபோல் இதை முதலில் பாருங்கள். இதிலும் நெளிவு இருந்தால் கையிலிருப்பது துடிப்பின் வேலையாகவும் இருக்கலாம். பலரும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை.

பிழை எல்லையைக் குறைத்து மதிப்பிடுவதும் ஆபத்து. இதே வேலைக்குப் பயன்பட்ட ஃபோர்ஸ்1 என்னும் மற்றொரு கருவியின் தரவை 2012-இல் வானியலாளர் பஞ்ஞூலோவின் குழு மறுபடி பகுத்தபோது, முன்பு அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்புகள் பல நிலைக்கவில்லை.

விண்மீனின் நமக்குத் தெரியும் பக்கம் முழுவதற்குமான சராசரிப் புலம் சுழியாக வந்ததும் ‘காந்தம் இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. காந்த நடுக்கோடு நம் பக்கம் திரும்பியிருந்தாலும் சுழிதான் வரும்; கோட்டின் வடிவத்தில் மட்டும் தடயம் இருக்கும். சுழற்சி முழுவதையும் பார்த்தாக வேண்டும். அதிலும் ஒரு வம்பு: பெருநாய் மண்டலத்தின் க்சி-1 என்னும் விண்மீன் 5 மணி நேரத்துக்கு ஒருமுறை துடிக்கிறது, ஆனால் ஒருமுறை சுழல 30 ஆண்டுக்கும் மேல் எடுக்கிறது.

துணை விண்மீனையும் மறக்காதீர்கள். பீட்டா செஃபையின் ஹைட்ரஜன் உமிழ்வு காந்தத்தின் அடையாளமல்ல, அதன் துணையிலிருந்து வருவது.

தை மாத இரவில் அரூர்ப் பக்கம் வெறும் கண்ணுக்கே தெரிகிற, சிரியஸுக்கு மேற்கிலுள்ள மிர்ஜமும் இந்த வகைதான். 2015-இல் அதில் கண்ட நெடும்போக்குப் புலம், அதாவது நம் பார்வைத் திசையிலுள்ள புலம், சுமார் 30 காஸுக்குள் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு). உங்கள் பிழை எல்லை 100 காஸ் என்றால், ‘100 காஸ் வரை எதுவும் தென்படவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.