ஸ்போர்ட்ஸ் காரின் முன் நம்பர் பிளேட்டை எங்கே, எப்படி மாட்டுவது?

டிரில்லைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். பம்பரில் ஒரு தடவை துளை போட்டால் போட்டதுதான். அடைத்து, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்தால்தான் தடம் மறையும். சாதாரணக் காரில் இது ஒரு விஷயமே இல்லை, பிளேட்டுக்கென்றே பம்பரில் தட்டையாக இடம் விட்டிருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கோ வளைந்து, தாழ்ந்து, பாதிக்கு மேல் காற்று போகும் வாயாகவே இருக்கும், அங்கே ஒரு தகட்டை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்றுக்கு இடைஞ்சல்தான். இது இன்று நேற்று வந்த தலைவலியும் இல்லை. 1961ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் எண்ணை ஸ்டிக்கராகவே பானெட்டில் ஒட்டிச் சமாளித்தார்கள்.

முதலில் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களுக்குப் பின் பிளேட் மட்டும் போதும், வேறு பல இடங்களில் முன்னாலும் இருந்தே ஆக வேண்டும். நடுவில்தான் இருக்க வேண்டுமா, ஓரமாக வைக்கலாமா, எவ்வளவு சாயலாம், கழற்றி மாட்டும்படி வைக்கலாமா அல்லது ரிவெட் அடித்திருக்க வேண்டுமா, இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டு அப்புறம் பிளேட்டைத் தாங்கும் பிராக்கெட் தேடுங்கள். ஓரமாக வைப்பதை அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். ஆல்ஃபா ரோமியோ எத்தனையோ வருடமாகத் தன் முக்கோண கிரில்லை மறைக்காமல் பிளேட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்துப் பழக்கப்படுத்திவிட்டது. 1999ல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6-லும் பிளேட் ஓரத்துக்குப் போனது, அங்கே காரணம் அழகு இல்லை, உள்ளே போகும் காற்று.

அடுத்தது அட்டை. நிஜமாகவே அட்டைதான். ஐரோப்பிய பிளேட் 520க்கு 110 மி.மீ, வட அமெரிக்க பிளேட் 305க்கு 152, ஜப்பானிய பிளேட் 330க்கு 165. உங்களுடையது எதுவோ அந்த அளவில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் பம்பரில் ஒட்டிவிட்டுப் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக் குனிந்து கிரில்லுக்குள் அடியுங்கள். மெல்லிய அலுமினியத் துடுப்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது ரேடியேட்டரோ ஏசி கண்டென்சரோ இன்டர்கூலரோ, அதன் முன்னால் பிளேட்டை வைத்தால் அவ்வளவு காற்று குறையும். வெறும் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தால் அது சும்மா அழகுக்கு வைத்த கிரில், தாராளமாக மறைக்கலாம். எஞ்சின் பின்னாலோ நடுவிலோ இருக்கும் பல கார்களில் ரேடியேட்டர்கள் இரண்டு ஓரத்திலும்தான் இருக்கும், அவற்றில் நடுவில் வைப்பதே நல்லது.

அதே டார்ச்சோடு சென்சார்களையும் தேடுங்கள். பார்க்கிங் சென்சார் பொத்தான் அளவு வட்டமாகக் கண்ணுக்கே தெரியும். ரேடார் தெரியாது, லோகோவுக்குப் பின்னாலோ கீழ் கிரில்லில் ஒரு வழவழப்பான கறுப்புச் சதுரத்துக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். அது பிளாஸ்டிக்கைத் தாண்டிப் பார்க்கும், உலோகத் தகட்டைத் தாண்டிப் பார்க்காது. தானாக பிரேக் போடும் வசதி இருக்கும் காரில் இந்த இடத்தை மறைத்தால் விளைவு வெறும் எச்சரிக்கை விளக்கோடு நிற்காது.

சரி, இப்போது மாட்டும் வழிகள்.

பெரும்பாலான கார்களுக்கு நான் சொல்வது டோ ஹூக் பிராக்கெட். வண்டி நின்றுபோனால் கட்டி இழுப்பதற்காக முன் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே மரை போட்ட குழாய் இருக்கும். அதில் ஒரு கம்பியைத் திருகி, கம்பியின் நுனியில் பிராக்கெட்டை மாட்டி, அதில் பிளேட்டை வைக்கிறோம். துளை வேண்டாம், பசை வேண்டாம், பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். மரையின் அளவு காருக்குக் கார் மாறும், அதனால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பது எதற்கும் சரியாகப் பொருந்தாது. இன்னொன்று, சில கார்களில் இந்த மரை இடது பக்கம் திருகினால் இறுகும் வகை. கையால் சுலபமாக உள்ளே போகவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்கள். அந்த மரை போனால் போனது பிராக்கெட் மட்டுமில்லை, வண்டியை இழுக்கும் வழியும்தான்.

இந்த முறைக்கு ஒரே ஒரு பலவீனம், பிளேட் சுழலும். ஒற்றைக் கம்பியில் தொங்குகிறது, சாலையின் அதிர்வு ஓயாமல் ஆட்டுகிறது, காற்று வேறு தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டால், 520க்கு 110 பிளேட் காற்றுக்கு நேராக நிமிர்ந்து நின்றால் 100 கி.மீ வேகத்தில் ஏறக்குறைய 3 கிலோ எடை அழுத்துவது போல. டிராக்கில் 200 தொட்டால் அதுவே நான்கு மடங்காகி 12 கிலோ பக்கம் வரும். நான் முதல் தடவை மாட்டியபோது கம்பி சுழலாமல் பூட்டி வைக்கும் லாக் நட்டைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். நீண்ட பயணம் முடிந்து இறங்கிப் பார்த்தால் பிளேட்டின் ஒரு முனை தலையைத் தொங்கப் போட்டிருந்தது, அது உரசிக்கொண்டே வந்த இடத்தில் பெயின்ட்டில் பிறைநிலா மாதிரி ஒரு கீறல். மரை கழன்றது பிராக்கெட்டுக்கா எனக்கா என்று வீட்டில் கேட்டார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மூடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாக எடுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். மூடியைத் தொலைக்காமல் கார் டாஷ்போர்டு பெட்டிக்குள் போடுங்கள், விற்கும்போது தேடுவீர்கள். கம்பியைக் கையால் முடிகிற வரை உள்ளே திருகுங்கள், பிறகு பிராக்கெட் நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் பின்னால் திருப்புங்கள், எப்படியும் ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும். நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வைத்து ஏமாறாதீர்கள், தரை சாய்ந்திருந்தால் அது பொய் சொல்லும், பம்பரின் கோட்டிலிருந்து இரண்டு முனைக்கும் டேப் வைத்து அளப்பதே மேல். இப்போது கம்பியை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லாக் நட்டை இன்னொரு ஸ்பேனரால் இறுக்குங்கள். இரண்டு ஸ்பேனர் கட்டாயம். ஒன்றோடு செய்தால் நட்டோடு சேர்ந்து கம்பியும் திரும்பி, பட்ட பாடெல்லாம் வீண். மரையில் நீல நிற த்ரெட் லாக் (மரை கழலாமல் பிடிக்கும் திரவம்) ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். கடைசியாக நட்டின் மேலும் கம்பியின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரே கோடு இழுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம், வண்டி கழுவும்போது ஒரு பார்வை போதும். முதல் 100 கி.மீ ஓடியதும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். பிராக்கெட்டின் பின்முனைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் நிலா வராது. வழியில் வண்டியைக் கட்டி இழுக்க நேர்ந்தால் இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு நிஜ ஹூக்கைப் போட வேண்டும், ஸ்பேனர் டிக்கியில் இருக்கட்டும்.

டோ ஹூக் நடுவில் இருக்காது, பிளேட் ஓரத்தில்தான் வரும். சட்டம் நடுவில் கேட்டால் கிரில்லைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட் பாருங்கள். கீழ் கிரில்லின் வலைக்குப் பின்னால் ஒரு பட்டை, முன்னால் ஒரு பட்டை, நடுவில் போல்ட், அவ்வளவுதான். வலை மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் காற்றின் தள்ளலில் நாளடைவில் விரிசல் விடும், பட்டை அகலமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பிளேட் தரைக்கு நெருங்கி வருவதால் சரிவான பாதையில் முதலில் தட்டுவதும் அதுதான்.

டபுள் சைட் டேப்பைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். கனமான அக்ரிலிக் ஃபோம் டேப் நன்றாகவே பிடிக்கும், பிடிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டியவர்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மெழுகு, கோட்டிங் எல்லாம் போகத் துடைத்து, 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் ஒட்டி, அழுத்திப் பிடித்து, 3 நாள் தண்ணீரும் வேகமும் படாமல் விட வேண்டும், முழுப் பிடிப்பு வர அவ்வளவு நேரம் ஆகும். வளைந்த பம்பரில் நேரான தகட்டை வளைத்து ஒட்டினால் அது நிமிர்ந்துகொள்ளவே பார்க்கும், வெயில் ஏறினால் முனைகள் முதலில் கிளம்பும். பம்பரின் வளைவுக்கே அச்சு எடுத்த பிளாஸ்டிக் தளத்தை இடையில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மறுபடி பெயின்ட் அடித்த பம்பரிலும், பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய பம்பரிலும் இது வேண்டாம், எடுக்கும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வரலாம். எடுப்பதற்கு ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பை இரண்டு கையிலும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்து அறுக்க வேண்டும். காந்தம் வைத்து மாட்டுவது கண்காட்சிக்குச் சரி, சாலைக்குச் சரி இல்லை.

பொத்தானை அழுத்தினால் மடங்கி மறையும் மோட்டார் பிராக்கெட்டையும் விற்கிறார்கள். எண்ணை மறைக்கும் கருவியைப் பல நாடுகளில் குற்றமாகவே பார்க்கிறார்கள், வாங்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டில் பிளேட்டைச் சாத்தி வைப்பது பல இடங்களில் செல்லாது, விபத்தில் அது பறக்கும் கத்தி.

எல்லாம் பார்த்தும் கம்பெனி பிராக்கெட்தான் என்று முடிவானால், துளை போடுங்கள், தப்பே இல்லை, எல்லாவற்றிலும் உறுதியானது அதுதான். பம்பரில் இரண்டு சின்னக் குழிகள் ஏற்கெனவே அடையாளமாக இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். டேப் ஒட்டி, 3 மி.மீ பிட்டால் முதலில் சின்னத் துளை, பிட்டின் நுனியிலிருந்து ஒரு செ.மீ விட்டு டேப் சுற்றி எல்லை வையுங்கள், பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலரோ வயரோ ஒட்டியே இருக்கலாம். துரு பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவும் ரப்பர் வாஷரும் போடுங்கள்.

எந்த வழியில் மாட்டினாலும், முடித்ததும் ஒரு சுவரைப் பார்த்து மெதுவாக வண்டியை நகர்த்துங்கள். முன்பு பீப் அடித்த தூரத்திலேயே இப்போதும் அடிக்க வேண்டும். வெறும் வெளியில் நிற்கும்போதே அடித்தால் சென்சார் பார்ப்பது உங்கள் பிளேட்டைத்தான், இரண்டு விரல்கடை தள்ளி மாட்டுங்கள்.