எச்பிஏ1சி: ஒரே விஷயம், மூன்று பேருக்கு மூன்று விளக்கம்

"கிளைக்கேட்டட் ஹீமோகுளோபினின் சதவீதம்." அதாவது, சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்பது. சர்க்கரை நோய்க்கான எச்பிஏ1சி டெஸ்டுக்கு இது சரியான விளக்கம்தான். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இதையே வைத்து, ஆளுக்கேற்பச் சொல்லிப் பழகுவோம்.

படி 1: இதைத் தெரிந்துகொண்டு, கேட்பவர் என்ன செய்யப்போகிறார்?
பதிலை ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நோயாளி தன் சாப்பாட்டைத் திருத்துவார். மாணவருக்குக் காரணம் வேண்டும். லேப் பயிற்சியாளர், எந்த ரிசல்ட்டைச் சந்தேகிப்பது என்று அறிய வேண்டும்.

படி 2: நோயாளிக்கு
ஹீமோகுளோபின் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் "ரத்தம் கம்மியா இருக்கா? முருங்கைக்கீரை சாப்பிடட்டுமா?" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் வாயைக் கட்டினா வெறும் வயித்து சர்க்கரை குறையலாம்மா. இது அப்படிக் குறையாது. ரெண்டு மூணு மாசமா சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு இது காட்டும்." பிறகு அவருக்குப் பழக்கமான கணக்குக்கு மாற்றுங்கள்: 7 சதவீதம் என்றால் சராசரி சர்க்கரை சுமார் 154 mg/dL, 8 என்றால் 183. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

படி 3: மாணவருக்கு
ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட, அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பெரும்பாலும் அணு அழியும்வரை விலகாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அப்படியானால் ஒரு வருடச் சராசரி ஏன் கிடைக்காது?" என்று கேளுங்கள். விடையை அவரே கண்டுபிடிக்கட்டும்.

படி 4: பயிற்சியாளருக்கு
சர்க்கரை நோய்க்கான வரம்பு 6.5 சதவீதம் என்பது அவருக்குத் தெரியும். வரம்பு எங்கே ஏமாற்றும் என்று சொல்லுங்கள். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் அளவு பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவில் கூடலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியவரின் ரிசல்ட்டையும் நம்பிவிடக் கூடாது.

படி 5: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்
"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மரியாதைக்காகவாவது. "வீட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்கம்மா?" என்று கேளுங்கள். "பட்டினியா வந்தா கம்மியா காட்டுமாம்" என்று பதில் வந்தால், மறுபடி படி 2. இந்த முறை வேறு வார்த்தைகளில்.