எனோடென் ரயிலை இன்ஸ்டாக்ஸில் கலங்காமல் எடுக்க

ஜப்பானின் காமகுராவில் ஓடும் எனோடென் ரயிலுடைய பச்சை, கிரீம் நிறத்துக்கு இன்ஸ்டன்ட் ஃபிலிமின் மங்கிய சாயல் அப்படிப் பொருந்தும். ஆனால் எடுத்ததும் படத்தை அந்த ஃபிலிமிலேயே வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் மினி 90 கேமராவில் ரயில் கலங்கும், வானம் வெளுத்துப்போகும்.

இந்தக் கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகமே 1/400 நொடிதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அதற்குள் 4 செ.மீ. நகர்ந்துவிடும். 5 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் எடுத்தால், படத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இழுபடும். இந்தச் சின்னப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். வெயில் குறைந்தால் ஷட்டர் இன்னும் மந்தமாகும். அதனால் கோஷிகோயே–எனோஷிமா நிலையங்களுக்கு இடையே, தண்டவாளம் சாலையோடு ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ரயில் மெதுவாகத்தான் வரும். நடைபாதையில் நின்று, முகப்பு கோணமாகத் தெரியும்படி எடுத்ததும் முகவிளக்கு தெளிவாக விழுந்தது.

வானம் வெளுக்காமல் இருக்க, வெயில் முதுகில் படும்படி நின்று, படத்தைக் கருமையாக்கும் ‘டி’ அமைப்பு. ரயில் 3 மீட்டருக்கு அப்பால் இருந்தால், தூரக் காட்சிக்கான லேண்ட்ஸ்கேப் மோடு. ஃபிளாஷ் கூடவே கூடாது, ஓட்டுநரின் கண் கூசும்.

குளிர்காலத்தில் நிறம் சரியாக எழும்பாது. வெளியே வந்த படத்தை மடக்காமல், உதறாமல் உடனே கோட்டின் உள்பையில் வையுங்கள்.